"லேசாத்தான் ஆடுது, பரவால்ல": வீடு மாறியவர்களுக்கு ஒரு டாக்டரின் நீண்ட பதிவு

1/
ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்ததும் தஞ்சாவூர் தெருவெல்லாம் குட்டியானை வண்டியா நிக்கும். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், துளசிச் செடி. எல்லாரும் வீடு மாறுறாங்க. நல்ல நேரம் பார்த்து, ராகுகாலம் எமகண்டம் தவிர்த்து, பால் காய்ச்சிக் குடி போறோம்.

இவ்வளவும் பார்க்கிற நாம ஒண்ணை மட்டும் பார்க்கிறதில்ல. புது வீட்டு ஹால்ல நிறுத்தின அலமாரி ஆடுதா இல்லையா.

2/
ஆடினா என்ன செய்வோம்? அட்டைய நாலா மடிச்சுக் காலுக்கு அடியில் சொருகுவோம். "லேசாத்தான் ஆடுது, பரவால்ல" என்போம்.

அந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும். வீட்டில் ஆறு வயசுக்குக் கீழ பிள்ளையோ, எழுபது வயசுக்கு மேல பெரியவரோ இருந்தா முழுசாப் படிங்க.

3/
முதல்ல ஒரு கேஸ். யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டரை வயசுப் பையன். வீடு மாறி ஒன்பதாவது நாள். ஆன்லைனில் வாங்கி, அப்பாவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டின ஐந்து தட்டு அலமாரி. மேல் தட்டில் டிவி ரிமோட். "பிள்ளை கைக்கு எட்டக்கூடாது"ன்னு அங்க வெச்சது.

4/
அம்மா அடுப்படியில் கஞ்சி வடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பையன் முதல் தட்டில் கால் வெச்சான். இரண்டாவது தட்டில் கால் வெச்சான். அவனுக்கு அது ஏணி.

சத்தம் கேட்டு ஓடி வந்தப்போ அலமாரி தரையில். பிள்ளை அதுக்கு அடியில்.

5/
வலது தொடை எலும்பு முறிவு. கல்லீரலில் சின்னக் கிழிசல். ஆபரேஷன் இல்லாமலே கண்காணிப்பில் சரியாச்சு. பையன் இப்ப நல்லா நடக்கிறான். அந்த வகையில் இது சந்தோஷமா முடிஞ்ச கதை.

நான் எழுத உட்கார்ந்தது அதுக்காக இல்ல. வார்டு வாசல்ல கேட்ட ஒரு வாக்கியத்துக்காக.

6/
"பிள்ளையப் பார்த்துக்காம நீ என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?"

மாமியார் கேட்டாங்க. கணவர் கேட்டார். பார்க்க வந்த அத்தை கேட்டாங்க. பக்கத்து பெட்காரங்க கேட்காமலே முகத்தால் கேட்டாங்க. அந்தப் பொண்ணு பதிலே சொல்லல. அடுப்படியில் தெறிச்ச கஞ்சி புறங்கையில் கொப்புளமாகி இருந்துச்சு. அதைக்கூட யார்கிட்டயும் காட்டல.

உண்மையைச் சொல்லணும்னா ஒரு நொடி நானும் மனசுக்குள்ள அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

7/
அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தேன். நாங்களும் அந்த வருஷம்தான் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வீடு மாறியிருந்தோம். ஹால்ல என் புத்தக அலமாரி. அதுவும் ஆன்லைன். அதுவும் நானே மாட்டினது. கையை வெச்சு ஆட்டினேன். ஆடிச்சு.

குனிஞ்சு பார்த்தேன். முன் காலுக்கு அடியில் மருந்து கம்பெனி காலண்டர் அட்டை, நாலா மடிச்சது. சொருகினது நான்தான். என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு.

எம்.பி.பி.எஸ், எம்.டி. படிச்சவன் வீட்டு நிலவரம் இது. அந்தப் பொண்ணைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

8/
இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் "எல்" வடிவத் தகடும் இரண்டு ஸ்க்ரூவும் இருந்துச்சு. அலமாரியைச் சுவரோட பிடிச்சு வைக்கிற கிளாம்ப். "மிச்சம் விழுந்த பார்ட்டு"ன்னு நெனச்சுத் தெர்மாகோலோட சேர்த்துக் குப்பையில் போட்டேன்.

அந்தப் பெட்டியில் உயிரைக் காப்பாத்துற சாமான் அது ஒண்ணுதான். அதைத்தான் தூக்கி எறிஞ்சேன்.

9/
இப்ப கணக்குக்கு வருவோம். பயமுறுத்தல் வேண்டாம், கூட்டல் பெருக்கல் போதும்.

அலமாரி உயரம் 180 செ.மீ. ஆழம் 30 செ.மீ. எடை 25 கிலோ. தட்டுகளில் பெருசா ஒண்ணும் இல்ல. எடையின் மையம் முன் விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே இருக்கும். கவிழாம தாங்குற பலம்: 25 × 15 = 375.

10/
12 கிலோ பிள்ளை இரண்டாவது தட்டில் ஏறி, கைய நீட்டிப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால சாயுறான். அவன் எடையின் மையம் முன் விளிம்புக்கு வெளியே 30 செ.மீ. கவிழ்க்கிற பலம்: 12 × 30 = 360.

375-க்கு 360. சமதளத்தில் மயிரிழையில் தப்பும்.

11/
இப்ப தரை முன்பக்கமா வெறும் 1 செ.மீ. சரிவா இருக்குன்னு வைங்க. 90 செ.மீ. உயரத்தில் இருக்கிற எடையின் மையம் 3 செ.மீ. முன்னால வந்துடும். தாங்குற பலம் 25 × 12 = 300 ஆகக் குறையும். பிள்ளையின் பலம் அதே 360.

விழும். பிள்ளை ஒரு இழுப்பு இழுத்தா அதுக்கு முன்னாடியே விழும்.

ஒரு செ.மீ.! நீங்க "லேசாத்தான் ஆடுது"ன்னு சொன்னது அந்த ஒரு செ.மீ.யைத்தான்.

12/
நம்ம ஊரில் சரிவில்லாத தரை எங்க இருக்கு? பழைய ஓட்டு வீடா இருந்தா முற்றத்தை நோக்கிச் சரிவு. கழுவி விடுற தண்ணி ஓடணுமே. புது வீடா இருந்தா டைல்ஸ் போட்டவர் பால்கனி பக்கமோ பாத்ரூம் பக்கமோ வாட்டம் விட்டிருப்பார். அதுக்கும் கீழ டெல்டா களிமண். நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். அதன் மேல கட்டின தரை சில வருஷத்தில் ஒரு பக்கம் இறங்குறது புதுசு இல்ல.

பெட்டியில் வர்ற விளக்கத் தாளில் இருக்கிற படத்துல தரை எப்பவும் நேர்கோடு. நம்ம வீட்டுத் தரை அந்தப் படத்துல இல்ல.

13/
தஞ்சாவூர்க்காரனுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. தலையாட்டி பொம்மையைச் செஞ்சு உலகத்துக்குக் குடுத்த ஊர் இது. எவ்வளவு சாய்ச்சாலும் எழுந்து நிக்கும். ஏன்? அடி கனமான களிமண். உருண்டை. மேல் பாகம் லேசு.

அலமாரியில் நாம செய்யறது அப்படியே தலைகீழ். கீழ் தட்டு காலி, ஏன்னா பிள்ளை கலைச்சிடும். மேல் தட்டில் அகராதி, மிக்சி பெட்டி, பழைய ஆல்பம், அதுக்கும் மேல ஒரு சூட்கேஸ். பொம்மையைச் செஞ்ச ஊர்க்காரன் வீட்டில் பொம்மைக்குத் தெரிஞ்ச சங்கதி நமக்குத் தெரியல.

14/
உடனே பெரியவங்க வருவாங்க: "நாங்க வளர்ந்த காலத்துல எந்த அலமாரி தம்பி விழுந்துச்சு?"

விழல, ஐயா. ஏன் விழலன்னு யோசிங்க. உங்க வீட்டில் நெல் இருந்தது பத்தாயத்தில். இடுப்பு, நெஞ்சு உயரம், அகலமான அடி, உள்ளே மூட்டைக்கணக்கில் எடை. விளக்கு இருந்தது மாடக்குழியில். புத்தகமும் கணக்கு நோட்டும் இருந்தது சுவருக்குள்ளேயே கட்டின அலமாரியில். சுவர் விழுந்தாத்தான் அது விழும்.

15/
நான் பழம்பெருமை பேச வரல. வாடகை வீட்டில் இருக்கிறவன் பத்தாயத்தைத் தூக்கிக்கிட்டா சுத்த முடியும்? பிரிச்சு மாட்டுற அலமாரி நல்ல கண்டுபிடிப்பு. விலை கம்மி, எடை கம்மி, மாடிப்படியில் ஏறும். எதிரி அலமாரி இல்ல.

ஆனா லேசான சாமானுக்கு அதன் எடை காவல் இல்ல. சுவர்தான் காவல். சுவரோட பிடிக்காத வரைக்கும் அது பாதி வேலை முடிஞ்ச சாமான். பாதி தையல் போட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவோமா?

16/
இரண்டாவது வாதம்: "பிள்ளையப் பார்த்துக்கணும் சார். அதுதான் தீர்வு."

சரி. மருத்துவமா பதில் சொல்றேன். நெஞ்சு மேல பாரம் விழுந்தா விலா எலும்பு விரிய முடியாது. விரியலன்னா மூச்சு உள்ளே போகாது. மூச்சு இல்லாம அழுகை வராது. அதனால இந்த விபத்தில் பிள்ளை சில நேரம் கத்தவே கத்தாது. மூச்சு நின்னு நாலஞ்சு நிமிஷத்தில் மூளை சேதமாக ஆரம்பிக்கும்.

17/
நாலு நிமிஷம்ங்கிறது குக்கரில் இரண்டு விசில். கேஸ் சிலிண்டர்காரருக்குச் சில்லறை தேடுற நேரம். பாத்ரூம் போயிட்டு வர்ற நேரம்.

உலகத்தில் எந்த அம்மாவும், எந்த அப்பாவும், எந்த ஆயாவும் 24 மணி நேரமும் கண் சிமிட்டாம பார்க்க முடியாது. ஐசியூவில் கூட மனுஷக் கண்ணை நம்பாமத்தான் மானிட்டர் மாட்டி வெச்சிருக்கோம். அம்மாவின் கண்ணை மட்டும் ஏன் மானிட்டர்னு நினைக்கிறீங்க?

18/
இன்னொண்ணு கவனிங்க. அலமாரியை வாங்கினது அப்பா. மாட்டினது அப்பா. கிளாம்பைத் தூக்கிப் போட்டது அப்பா. "சுவத்துல ஓட்டை போடாதே"ன்னது வீட்டுக்காரர். விழுந்தப்போ குற்றவாளி, சோறு வடிச்சுக்கிட்டிருந்த அம்மா.

இந்தத் தீர்ப்பு அநியாயம்கிறது ஒரு பக்கம். ஆபத்தும்கூட. பழியை அவ தலையில் போட்டுட்டா அலமாரியை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. அதே அலமாரியைத் தூக்கி அதே இடத்தில் நிறுத்துவாங்க. அந்த வீட்டிலும் நிறுத்தினாங்க. நான் கேட்டதுக்கு அப்புறம்தான் சுவரோட பிடிச்சாங்க.

19/
வெளிநாட்டில் என்ன செஞ்சாங்க? 2016 ஜூனில் அமெரிக்காவில் ஐக்கியா கம்பெனி சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிச்சது. சுவரோட பிடிக்காத அலமாரி கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். "சீனாவில் விற்றவை அங்கத்த தரத்துக்கு உட்பட்டவை"ன்னு முதலில் சொன்னாங்க. அங்க எதிர்ப்பு கிளம்பினதும் அடுத்த மாதமே அங்கேயும் சுமார் 17 லட்சம் அலமாரிக்கு அறிவிப்பு வந்துச்சு.

பாடம்: கேட்ட ஊருக்குக் கிடைச்சது.

20/
பிள்ளைகளை இழந்த பெற்றோர்களும் விடல. 2022 டிசம்பரில் "ஸ்டர்டி" என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது. துணி வைக்கிற டிராயர் அலமாரிகளை 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ வரை எடையுள்ள பிள்ளை ஏறினாலும் இழுத்தாலும் கவிழாதான்னு சோதிக்கணும். டிராயர்களைத் திறந்து வெச்சு, உள்ளே எடை ஏத்தி, கார்ப்பெட் தரையில் நிற்கிற மாதிரியும் வெச்சுச் சோதிக்கணும். 2023 செப்டம்பரிலிருந்து கட்டாயம்.

"பிள்ளை ஏறக்கூடாது"ன்னு அந்தச் சட்டம் சொல்லல. ஏறும்னு ஒத்துக்கிட்டு ஆரம்பிக்குது. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு.

21/
நம்ம நாட்டில்? அலமாரி மாதிரியான சேமிப்புச் சாமான்களுக்குன்னே பிஐஎஸ் அமைப்பின் ஐஎஸ் 17634 என்ற தரம் இருக்கு. 2025 பிப்ரவரியில் மரச்சாமான்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையையும் மத்திய அரசு வெளியிட்டது.

குக்கர் வாங்கினா முத்திரை தேடுறோம். ஹெல்மெட் வாங்கினா தேடுறோம். அலமாரி வாங்கும்போது எத்தனை பேர் தேடினோம்? "ஃபோட்டோவில் இருக்கிற கலர்தானா"ன்னு மட்டும் கேட்டோம்.

22/
என் சாதிக்காரங்களுக்கும், அதாவது டாக்டர்களுக்கும், ஒரு குட்டு. கேஸ் ஷீட்டில் நாம என்ன எழுதுறோம்? "விளையாடும்போது தவறி விழுந்தது." பிள்ளை விழவே இல்ல. பிள்ளை மேலே ஒரு சாமான் விழுந்துச்சு.

நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10 பட்டியலில் இதுக்கு டபிள்யூ20 என்ற இடம் இருக்கு: விழும் பொருள் தாக்குதல். தென்னை மரத்திலிருந்து தேங்காய் விழுந்தாலும் அதே எண். ஒழுங்கா எழுதினாலும் தேங்காயோட அலமாரி கலந்துடும். எழுதாத போது எங்கேயுமே இல்லாம போயிடும். எண்ணப்படாத விபத்துக்கு எந்த அரசும் சட்டம் போடாது.

23/
சரி, திட்டினது போதும். வைத்தியம் பார்ப்போம். எனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது எங்க தெருவில் முப்பது வருஷமா மரவேலை செய்யிற ஒரு அண்ணன். என் அலமாரியைப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பக்கம் ஆடுது டாக்டர் தம்பி? இடம் வலமா, முன்ன பின்னயா?"

வலின்னு வந்தா எங்க வலிக்குதுன்னு நான் கேட்கிற அதே கேள்வி.

24/
*இடம் வலமா ஆடினா* நோய் மூட்டில் இருக்கு. நாலு பலகையால் செஞ்ச சட்டத்துக்குக் குறுக்குத் தாங்கல் இல்லன்னா, செவ்வகம் சாய்சதுரமா நெளியும். நெளியாம பிடிக்கிறது பின்பக்கம் அடிக்கிற மெல்லிய ஷீட்டுதான். "பின்னாடி யார் பார்க்கப் போறா"ன்னு அதுக்கு ரெண்டு ஆணி மட்டும் அடிக்கிறோம். அதுதான் முதுகெலும்பு.

வைத்தியம்: சாமானை எல்லாம் இறக்குங்க. அலமாரியைக் குப்புறப் படுக்க வைங்க. மூலைக்கு மூலை குறுக்கா டேப் பிடிச்சு அளங்க. இரண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தாத்தான் சட்டம் சதுரம்.

25/
ஒண்ணா இல்லன்னா எல்லா ஸ்க்ரூவையும் லேசாத் தளர்த்தி, நீளமான குறுக்குப் பக்கத்தை அமுக்கி, அளவு சமமானதும் பின் ஷீட்டைச் சுற்றிலும் ஒரு சாணுக்குள்ள ஒரு ஆணின்னு அடிங்க. அப்புறம் ஸ்க்ரூவை ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமா, மாத்தி மாத்தி இறுக்குங்க. ஒரே பக்கம் முழுசா இறுக்கினா மறுபடி கோணிக்கும். கார் டயர் நட்டு இறுக்குற அதே முறை.

26/
*ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கல.* வீடு மாறினவங்களின் தலையாய புகார் இது. காரணம் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையோட அழுத்திச் செஞ்ச பலகை. ஒரு தடவை ஸ்க்ரூ கழட்டி மாட்டினாலே துளை வாய் பிளக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் உப்பும். வெள்ளத்தில் அடிப்பலகை ஊறியிருந்தா பிஸ்கட் மாதிரி ஆயிடும். ஊறி உப்பின பலகைக்கு வைத்தியம் கிடையாது. அந்தப் பலகையை மாத்துங்க, இல்ல அலமாரியைக் கைவிடுங்க.

ஊறாம துளை மட்டும் தளர்ந்திருந்தா: மரப் பசை தடவின மூங்கில் குச்சியைத் துளைக்குள்ள நெருக்கமாச் சொருகி, மேல் மட்டத்துக்கு நறுக்கி, ஒரு நாள் முழுசாக் காய விட்டு, அப்புறம் ஸ்க்ரூ போடுங்க. அவசரப்பட்டா பிடிக்காது.

27/
*முன்ன பின்ன ஆடினா* நோய் தரையில். மேலே ரசமட்டம் வெச்சுப் பாருங்க. கொத்தனார்கிட்ட இருக்கும். ஃபோனிலும் இருக்கு.

அட்டை, செய்தித்தாள், துணி வேண்டாம். வீடு துடைக்கிற தண்ணியில் ஊறி அமுங்கிடும். பிளைவுட் துண்டோ கெட்டி பிளாஸ்டிக்கோ ஆப்பு மாதிரி வைங்க. எங்க வைக்கிறது? முன் காலில். அலமாரி ஒரு நூல் அளவுக்குச் சுவர்ப் பக்கம் சாய்ஞ்சு நிக்கணும். பின் காலில் சொருகினா நீங்களே அதைப் பிள்ளை மேல தள்ளி விடுறீங்க.

28/
*கடைசியா, கட்டாயமா: சுவரோட பிடிக்கிறது.* மேலே சொன்ன எல்லாம் செஞ்சு இதை விட்டா ஒண்ணும் செய்யாத மாதிரி. ஆட்டம் நின்னா அலமாரி விழாதுன்னு அர்த்தம் இல்ல. 10-ஆம் பதிவின் கணக்கு ஆடாத அலமாரிக்குத்தான்.

பெட்டியில் கிளாம்ப் இல்லையா? ஹார்டுவேர் கடையில் இரும்பு எல் ஆங்கிள் இரண்டு கேளுங்க. ஒரு டீ, ஒரு வடை காசு. அலமாரியின் மேல் பலகையில் பிடிங்க. பின்பக்க மெல்லிய ஷீட்டில் பிடிச்சா அது கிழிச்சுக்கிட்டு வந்துடும்.

29/
சுவரில் ட்ரில் போடும்போது தூளின் நிறத்தைப் பாருங்க. சிவப்புத் தூள் வந்தா செங்கல், நல்ல பிடி. சாம்பல், வெள்ளைத் தூளா மட்டும் வந்து ட்ரில் வழுக்கிக்கிட்டு உள்ளே போனா பூச்சிலோ இணைப்பிலோ இருக்கீங்க. சுண்ணாம்புக் காரை வீட்டில் இது அடிக்கடி நடக்கும். இரண்டு விரல் தள்ளிப் போடுங்க. பிளக் சொருகி, அதில் ஸ்க்ரூ.

சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் கீழயும் ட்ரில் போடாதீங்க. வயர் ஓடும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அடி டைல்ஸ் அளவுக்கு இடைவெளி இருந்தா அங்க ஒரு மரக்கட்டை வெச்சுப் பிடிங்க.

30/
கனமானது கீழே. லேசானது மேலே. பிள்ளை ஆசைப்படுறது (ரிமோட், ஃபோன், சாக்லேட், பொம்மை) உச்சியில் வேண்டவே வேண்டாம். எட்டக்கூடாதுன்னா பூட்டி வைங்க. உயரத்தில் வெச்சா "ஏறு"ன்னு அழைப்பு விடுத்த மாதிரி.

டிராயர் இருந்தா ஒரே நேரத்தில் எல்லாத்தையும் திறக்க விடாதீங்க. எடை முழுக்க முன்னால வந்துடும். டிவியை அலமாரி உச்சியில் வைக்காதீங்க.

31/
பெரியவங்களை மறக்காதீங்க. முட்டி வலியில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற பாட்டி எதைப் பிடிச்சு எழுந்திருப்பாங்க? பக்கத்தில் இருக்கிற அலமாரியைத்தான். அது கூடவே வந்தா இடுப்பு எலும்பு போச்சு. அந்த வயசில் இடுப்பு முறிவு என்பது படுக்கை, படுக்கைப்புண், நிமோனியா என்று நீளக்கூடிய கதை. "எனக்குச் சின்னப் பிள்ளை இல்லையே"ன்னு தப்பிக்க முடியாது.

32/
இனி வீட்டுக்காரர்கள் பக்கம். "வாடகைக்கு வர்றவன் சுவத்துல ஆணி அடிக்கக்கூடாது." பல ஊர்களில், பல ஒப்பந்தங்களில் இருக்கிற வரி.

ஐயா, உங்க சுவர் மேல உங்களுக்கு இருக்கிற அக்கறை புரியுது. நான் கேட்கிறது 8 மி.மீ. துளை இரண்டு. சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. காலி பண்ணும்போது ஒரு கை பட்டியும் ஒரு தொடு பெயிண்டும் போதும். அட்வான்ஸில் பிடிச்சுக்குங்க. சுவரை ஒட்டலாம். பிள்ளையின் மண்டை ஓட்டை அப்படி ஒட்ட முடியாது.

33/
விற்கிறவர்களுக்கு: கிளாம்பைப் பையில் போட்டு அனுப்பினா உங்க கடமை முடிஞ்சதா? "மாட்டித் தர ஆள் வரும்"ன்னு காசு வாங்குறீங்க. வந்த தம்பி அலமாரியை நிறுத்தி, ஃபோட்டோ எடுத்து, ஓடிபி வாங்கிட்டுப் போயிடுறார். அவரைக் குறை சொல்லல, அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு! சுவரில் பிடிச்ச ஃபோட்டோ வந்தாத்தான் வேலை முடிஞ்சதுன்னு நீங்க ஒரு விதி போட்டா அவர் பிடிச்சுட்டுத்தான் போவார்.

34/
டாக்டர்களுக்கு: 9 மாத எம்ஆர் ஊசிக்கு வர்ற பிள்ளை எதையாவது பிடிச்சு எழுந்து நிற்கப் பழகுற வயசு. 16–24 மாத ஊசிக்கு வர்றது ஏறப் பழகுற வயசு. எடை பார்க்கிறோம், உயரம் பார்க்கிறோம். கூடவே ஒரே ஒரு கேள்வி: "வீட்டில் அலமாரி சுவரோட பிடிச்சிருக்கா?" அம்மாகிட்ட மட்டும் கேட்காதீங்க. வெளியே பைக்கில் உட்கார்ந்து ஃபோன் பார்க்கிற அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் கேளுங்க.

35/
அப்படியும் விழுந்துடுச்சுன்னா:

– முதலில் பாரத்தைத் தூக்குங்க. அப்புறம்தான் மத்தது. 108-க்கு ஒருத்தர் கூப்பிடட்டும்.
– மூச்சு இல்லன்னா, தெரிஞ்சவங்க உடனே சிபிஆர் ஆரம்பிக்கணும். தெரியலன்னா 108-இல் பேசுறவங்க சொல்றபடி செய்ங்க.
– கழுத்தைத் திருப்பாதீங்க. உலுக்காதீங்க. எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க.
– தண்ணி, பால், சர்க்கரை எதுவும் வாயில் ஊத்தாதீங்க.

36/
– பிள்ளை எழுந்து விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. சின்னப் பிள்ளைக்குக் கல்லீரலும் மண்ணீரலும் விலா எலும்புக் கூட்டுக்குள்ள முழுசா மறைஞ்சிருக்காது. உள்ரத்தக் கசிவு முதலில் வெளியே தெரியாம இருக்கும்.
– திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கி வழியுறது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணி மாதிரி ஒழுகுறது, வயிறு உப்பி வலிக்கிறது, முகம் வெளுக்கிறது: இதில் ஒண்ணு இருந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க.
– "யார் பார்த்துக்கல"ங்கிற விசாரணையை வாசலிலேயே விட்டுட்டு வாங்க.

37/
அந்த அம்மா மறு பரிசோதனைக்கு வந்தப்போ பையனைக் கீழே இறக்கி விட்டாங்க. நேரா என் மேசை டிராயரைப் பிடிச்சு ஏறப் பார்த்தான். அம்மா பதறி எழுந்தாங்க. "விடுங்கம்மா, இது பிடிச்சு வெச்சிருக்கு"ன்னேன். அன்னிக்குத்தான் அவங்க சிரிச்சு நான் பார்த்தேன்.

ஏறுறது பிள்ளையின் வேலை. அது வளர்ச்சி. ஏறினா விழாத மாதிரி வீட்டை வைக்கிறது நம்ம வேலை.

38/
இப்ப இதைப் படிச்சு முடிச்சதும் லைக் போட வேண்டாம். ஃபோனைக் கீழே வெச்சுட்டு எழுந்திருங்க. வீட்டில் இருக்கிற மிக உயரமான அலமாரியை மேல் விளிம்பில் பிடிச்சு மெதுவா உங்க பக்கம் இழுத்துப் பாருங்க. பிள்ளையைத் தள்ளி நிறுத்திட்டு, ஜாக்கிரதையா.

அசைஞ்சா நாளைக்கு ஹார்டுவேர் கடை. நல்ல நேரம் பார்க்க வேண்டாம். அது வர்ற வரைக்கும் மேல் தட்டில் இருக்கிற கனத்தை எல்லாம் இன்னிக்கு ராத்திரியே கீழே இறக்குங்க.

வீடு மாறப் போற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. முடிஞ்சா அந்த வீட்டு ஓனருக்கும்.